அருந்தவனின் ஏழாவது பனல்

அருந்தவனின் விமானம் சிட்னியின் லிட்கம்மில் பதினொரு வருடம் ஒரே உயரத்தில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து அறுபத்தாறு அடி. வேகம் பூச்சியம். மூக்கு தென்கிழக்கே. அந்தத் திசையில் எட்டு மீற்றர் தள்ளிப் பக்கத்து வீட்டுக் கழிப்பறை. இத்தனை விபரத்தையும் கராஜுக்குள் மூன்று வர்ணத் திரைகள் பிசகில்லாமல் காட்டிக்கொண்டிருந்தன.

அவருக்கு அறுபத்தொரு வயது. தொண்ணூற்றியிரண்டில் சிட்னிக்கு வந்தவர். அன்றிலிருந்து லிஃப்ட் திருத்துகிறார். பரமட்டாவின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் லிஃப்ட் குழிக்குள் அவர் இறங்கியிருக்கிறார். மேலே போவதும் கீழே வருவதும் பழகிப்போனது. முன்னுக்குப் போவதுதான் சிக்கல்.

ஐம்பதாவது வயதில் இரண்டு இருக்கை கொண்ட ஒரு விமானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கினார். வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் விமானம். இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. நீங்களே செய்யலாம். அதிகாரம் பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் நீங்களே பறக்கலாம். நீங்களே விழலாம். முதல் இருபத்தைந்து மணித்தியாலம் மட்டும் விமானத்தில் வேறு யாரும் ஏறக்கூடாது. விழுவது ஒருவராக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

மனிதர் சோம்பேறி அல்ல. உடல், செட்டை, வால், எஞ்சின் எல்லாம் நாலு வருடத்தில் முடிந்தன. பதினோராயிரம் ரிவெட். இடையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகி, அத்தாட்சிப் பத்திரமும் எடுத்துவிட்டார். அவர்களுடைய விமானத்தில் நூற்று நாற்பது மணித்தியாலம் பறந்திருக்கிறார். மிச்ச ஏழு வருடமும் பனலுக்குப் போனது.

பனல் என்பது விமானியின் முன்னால் நிற்கும் கருவிப் பலகை. உயரம், வேகம், திசை, எண்ணெய், சூடு எல்லாம் அதில் தெரியும். முதலாவது பனலை அருந்தவன் காலைச் சாப்பாட்டுப் பெட்டி மட்டையில் வெட்டினார். ஜாம் போத்தல் மூடிகள் ஆறு ஒட்டினார். அதை மேசையில் நிறுத்தி, குசினிக் கதிரையைக் கொண்டுபோய் முன்னால் போட்டு, ஒரு மாதம் பின்னேரங்களில் உட்கார்ந்து பார்த்தார். கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டார். அவர் மனைவி நாகேஸ்வரி கதிரையை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

பிறகு அலுமினியத் தகட்டில் ஆறு வட்டம் வெட்டி உண்மையான கருவிகள் பூட்டினார். பூட்டி முடித்த கிழமை ஒரே திரையில் ஆறையும் காட்டும் சாமான் ஒன்று விற்பனைக்கு வந்தது. பலகை கழன்றது. ஒரு திரை போதாது, அது செத்தால் என்ன செய்வது என்று இரண்டானது. இரண்டும் சேர்ந்து செத்தால் என்று மூன்றானது. நாலாவதில் தானாக ஓட்டும் கருவி. ஐந்தாவதில் விரலால் தொட்டால் மாறும் திரைகள். ஆறாவதில் அந்தத் திரைகளையே சாய்வாக வைத்தார், வெயில் தெறிக்காமல் இருக்க. கராஜுக்குள் வெயில் வருவதில்லை.

கழற்றிய பலகைகளில் அந்த அலுமினியத் தகட்டை நாகேஸ்வரி எடுத்துக்கொண்டாள். ஆறு வட்டத்திலும் ஆறு பூச்சாடி கச்சிதமாக இறங்கின. கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். அந்த வீட்டில் மேலெழுந்த ஒரே பனல் அதுதான்.

அவளுடைய தம்பி சிறிதரன் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறான். பஸ் ஓட்டுகிறான். ஞாயிறு வந்தால் கராஜ் வாசலில் வந்து நிற்பான்.

"அத்தான், என்ரை பஸ்ஸிலை அறுவது சனம் ஏறுது. நான் ரெண்டு முள்ளுப் பாக்கிறன். ஒண்டு வேகம், ஒண்டு டீசல். நீங்கள் ஒராள் இருந்து பாக்க மூண்டு ரீவித் திரை."

"பஸ் நிண்டா றோட்டிலை நிக்கும், சிறி."

"உங்கடையும் அதைத்தானே செய்யுது."

அருந்தவனுக்குக் கோபம் வராது. கையில் ஏதாவது ஒரு கம்பி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். லிஃப்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் உண்டு. உள்ளே அகப்பட்டவர் எவ்வளவு கத்தினாலும் கம்பியைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு முறை அவரே ஒரு தொழில் இரகசியம் சொன்னார். அவர் பார்த்த லிஃப்டுகள் பலவற்றில் கதவை மூடும் பட்டன் எதோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லையாம். கதவு தன் நேரத்துக்குத் தான் மூடும்.

"அப்ப ஏன் வைக்கிறியள்?" என்றாள் நாகேஸ்வரி.

"சனத்துக்கு அமத்த ஒண்டு வேணும்."

அவள் அதை மறக்கவில்லை.

மாசி மாதம் நாகேஸ்வரி ஒரு லொறிக்காரனைத் தானே கூப்பிட்டாள். விமானம் லிட்கம்மை விட்டு வெளியேறியது. தென்மேற்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஓடுபாதை, அதன் ஓரத்தில் நாலு பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் தகரக் கொட்டகை. அங்கே செட்டை பூட்டினார்கள். ஐயர் வந்து பூசை செய்தார். வாகன பூசை என்று சொல்லியிருந்ததால், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சங்காய் கொண்டுவந்திருந்தார். விமானத்துக்கு மூன்று சில்லு. நாலாவதை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் சிறிதரன் அதைத் தன் தண்ணீர்ப் போத்தலுக்குள் பிழிந்து குடித்தான்.

அதே கிழமை அவர்களுடைய காரின் முன் தட்டில் இருந்த பிள்ளையாரைக் காணவில்லை. பெருவிரல் அளவு, பித்தளை நிறம், பதினைந்து வருடமாக அதே இடத்தில் இருந்தவர். அருந்தவன் கேட்டார்.

"விழுந்திட்டார். எடுத்து வைச்சிருக்கிறன்" என்றாள் நாகேஸ்வரி.

அருந்தவன் மேலே கேட்கவில்லை. அவருக்கு அப்போது வேறு கவலை. சந்தோஷமான கவலை. ஆறாவது பனலில் பிழை வந்துவிட்டது.

மூன்று திரைகளுக்கும் மேலே, கண்ணாடிக்கு அருகில், தண்ணீர் போல ஒரு திரவத்தில் மிதக்கும் பழைய காலத்துத் திசைகாட்டி ஒன்று உண்டு. மின்சாரம் வேண்டாம். எல்லாத் திரையும் அணைந்தாலும் அது வடக்கைக் காட்ட வேண்டும். அது வடக்கைக் காட்டவில்லை. இருபத்து மூன்று டிகிரி தள்ளிக் காட்டியது. இருபத்து மூன்று டிகிரி என்றால், ஒரு மணித்தியாலம் நேரே போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனவர் எழுபது கிலோமீற்றர் தள்ளி வேறு ஊர்க்காரரிடம் வழி கேட்பார்.

"திரையளின்ரை வயர் காந்தம் மாதிரி வேலை செய்யுது. முழுப் பனலையும் திரும்பப் போடோணும்" என்று வீட்டில் அறிவித்தார். சொன்னபோது முகம் ஒரு புதுமாப்பிள்ளையின் முகமாக இருந்தது. அன்றைக்கே வரைகோட்டுத் தாள் வாங்கி வந்தார். தாளின் மேல் பக்கத்தில் '7' என்று எழுதினார்.

ஆவணி வரை வரைந்தார். நாகேஸ்வரி ஒரு நாள் சோற்றுக் கோப்பையை அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. தீபாவளிக்கு முதல் அது பறக்கோணும். இல்லாட்டி நான் விளம்பரம் போட்டு விக்கிறன். படமும் எடுத்து வைச்சிருக்கிறன்."

"திசைகாட்டி பிழை, நாகேஸ். அதோடை கையெழுத்து வைக்க மாட்டாங்கள்."

"கையெழுத்து வைக்கிறவரைக் கூப்பிடுங்கோ. அவர் சொல்லட்டும்."

"ஏழாவது பனல் முடிய—"

"ஏழாவது பனலிலை நான் கத்தரிக்காய் நடுவன்."

கையெழுத்து வைப்பவர் பேரி. எழுபத்து நாலு வயது. முப்பது வருடம் கோதுமை வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை வந்தார். தொப்பியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கேபிள் கட்டுகள் முள்ளுப்போல நீட்டிக்கொண்டு நின்றன, மேக்பைக் குருவி வந்து மண்டையில் கொத்தாமல் இருக்க. நாகேஸ்வரி ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். சிறிதரன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

பேரி காலை முழுவதும் விமானத்தைத் தட்டினார், தடவினார், அடியில் படுத்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. "நல்ல வேலை, அருண். சில ரிவெட் தேவைக்கு மேல் அழகாக இருக்கிறது" என்றார். பிறகு பனலுக்கு முன்னால் இருந்தார். மூன்று திரைகளையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"இது விமானமா, காற்பந்து பார்க்கிற மதுக்கடையா?"

அருந்தவன் திசைகாட்டிக் கதையைச் சொன்னார். ஏழாவது தாளையும் விரித்துக் காட்டினார். பேரி தாளைப் பார்க்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து விமானத்தை வெளியே தள்ளினார்கள். கொங்கிறீற்றில் ஒரு பெரிய வட்டமும் திசைக்கோடுகளும் வெள்ளைத் தீந்தைப் பூச்சில் போட்டிருந்தது. மூக்கை ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பி, திசைகாட்டி என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். வடக்கே இருபத்து மூன்று கூட. கிழக்கே சரி. தெற்கே இருபத்து மூன்று குறைய. மேற்கே சரி.

"எல்லாவற்றையும் அணை" என்றார் பேரி.

திரைகள் கறுத்தன. வடக்கே திருப்பினார்கள். இருபத்து மூன்று.

"பற்றறியைக் கழற்று."

கழற்றினார். இருபத்து மூன்று.

பேரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீ லிஃப்ட் திருத்துகிறவன். கட்டடத்துக்கே மின்சாரம் இல்லாத நேரமும் இருக்கிற பிழை மின்சாரப் பிழையா?"

"சில வேளை—"

"அருண்."

அருந்தவன் நிலத்தைப் பார்த்தார். அங்கே கம்பி ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு தரம்கூட அவர் பற்றறியைக் கழற்றிப் பார்த்ததில்லை. முப்பது வருடம் அதைத்தான் முதலில் செய்தவர்.

"ஒரு காந்தம் இருக்கிறது" என்றார் பேரி. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இருக்கையில் மல்லாந்து படுத்தார். தலை பனலுக்கு அடியில் போனது. கால் வெளியே நீண்டது. கொஞ்சம் முனகல் கேட்டது.

"இங்கே ஒரு யானை இருக்கிறது" என்றது குரல்.

அவர் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் பிள்ளையார். அடியில் ஒரு வட்டக் காந்தம்.

நாலு பேரில் ஒருவருக்குத்தான் ஆச்சரியம் இல்லை.

"அக்கா!" என்றான் சிறிதரன்.

நாகேஸ்வரி ரோல்ஸ் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினாள். "பூசை அண்டைக்கு வைச்சனான். முன்னுக்கு எல்லா இடத்திலையும் வைச்சுப் பாத்தன். அந்தத் தகடு பிடிக்குதில்லை, வழுகி விழுறார். அடியிலை கையைவிட்டுத் தடவ ஒரு இரும்புத் துண்டு அம்பிட்டுது. டக்கெண்டு இருந்திட்டார். நல்ல இடமெண்டு விட்டிட்டன்."

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அந்த முழுப் பனலிலும் இரும்பு என்று இருந்தது ஒரே ஒரு தாங்கி. அது திசைகாட்டிக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார் அருந்தவன்.

"சொன்னா விடுவியளே? பனலிலை வைக்க எண்டா ஒவ்வொண்டுக்கும் அனுமதி வேணும், நிறை வேணும் எண்டு அஞ்சாவது பனலிலேயே சொல்லிப்போட்டியள். ஆரும் கூட ஏறேலாது எண்டும் சொன்னியள். தனியப் போற மனிசனோடை ஒருத்தரும் இல்லாமல் எப்பிடி அனுப்புறது?"

சிறிதரன் சந்தர்ப்பத்தை விடவில்லை. "அத்தான், அக்கா வேணுமெண்டுதான் வைச்சிருக்கிறா. நீங்கள் போகக்கூடாதெண்டு."

"போகக்கூடாதெண்டா பெற்றோல் ராங்கிலை ரெண்டு கிலோ சீனி போட்டிருப்பன். வாயைப் பொத்திக்கொண்டு நில்."

பேரி ஒரு சொல்லும் விளங்காமல் இரு பக்கமும் பார்த்தார். அருந்தவன் சுருக்கமாக மொழிபெயர்த்தார். சீனியை விட்டுவிட்டார். பேரி பிள்ளையாரைத் தூக்கி ஒரு கம்பத்தின் மேல் வைத்துவிட்டு மறுபடி திசைகாட்டியைப் பார்க்கச் சொன்னார். வடக்கே வடக்கு. தெற்கே தெற்கு. திருகாணி ஒன்றைக் கால்வாசி திருப்ப, மிச்சமிருந்த இரண்டு டிகிரியும் போனது.

"ஏழாவது பனல் தேவையில்லை" என்றார் பேரி. "படிவத்தைக் கொண்டு வா."

"நில்லுங்கோ" என்றாள் நாகேஸ்வரி. இதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "பிள்ளையார் இல்லாமல் பறக்கேலாது. அப்பிடியெண்டா நான் விக்கிறன்."

"இதோடு கையெழுத்து வைக்க என்னால் முடியாது, மிசிஸ் அருண். அவர் வடக்கை மாற்றுகிறார்."

அருந்தவனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதுக்கு ஒரு வழி இருக்கு. காந்தமில்லாத ஒரு தாங்கி செய்யலாம். பனலின்ரை இடப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, உள்ளுக்கு ஒரு சின்னக் குழி மாதிரி, மேலை ஒரு லைற் குடுத்து. ஒரு ஆறு கிழமை. கூடினால் எட்டு."

தீபாவளிக்கு ஐந்து கிழமை இருந்தது.

நாகேஸ்வரி கம்பத்திலிருந்து பிள்ளையாரை எடுத்தாள். பேரியின் பெட்டியில் கிடந்த திருப்புளியை எடுத்துக் காந்தத்தின் விளிம்பில் நெம்பினாள். காந்தம் தெறித்து ஓடுபாதைப் பக்கம் உருண்டது. கைப்பைக்குள்ளிருந்து இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா ஒன்றை எடுத்துப் பல்லால் அறுத்தாள். படியில் கால் வைத்து ஏறி, மூன்று திரைகளுக்கும் இடப்பக்கத்தில், ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்த கையகல இடத்தில், பிள்ளையாரை வைத்து அமத்தினாள்.

ஏழாவது பனல் நாலு செக்கனில் முடிந்தது.

"லிஃப்டிலை ஒண்டுக்கும் உதவாத பட்டனைச் சனத்துக்கெண்டு வைப்பியள். எனக்கு ஒண்டு வைக்கேலாதோ?"

பேரி திசைகாட்டியைப் பார்த்தார். அசையவில்லை. பிள்ளையாரை விரலால் ஆட்டிப் பார்த்தார். அவரும் அசையவில்லை. "விமானத்தில் நிரந்தரமாக இருக்கிற எதுவும் பட்டியலில் வர வேண்டும். நிறை என்ன?"

பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் ஒரு சின்னத் தராசு இருந்தது. நாற்பத்தொரு கிராம். பட்டியலில் தீயணைப்பானுக்குக் கீழே ஒரு வரி கூடியது. 'யானை, 1, நிலையானது.' பேரி கையெழுத்து வைத்தார். எட்டாவது ரோல்ஸை எடுத்தார்.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது காரை அருந்தவன் ஓட்டினார். முன் தட்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம். லிவர்பூல் புறநகரைத் தாண்டியபோது சொன்னார்.

"பயிற்சி நிலையத்து விமானத்திலை ஏதும் கழண்டா அது அவங்கடை பிழை. இதிலை பதினோராயிரம் ரிவெட். எல்லாம் நான் அடிச்சது."

"ஓம்."

"பயமாக் கிடக்கு, நாகேஸ்."

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"மூண்டாவது ரீவி வாங்கேக்கை இருந்து. லேனைப் பாத்து ஓட்டுங்கோ."

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்க, காற்றில்லாத ஒரு காலையில், அருந்தவன் தனியாக ஏறிக் கதவைப் பூட்டினார். பேரி வானொலியோடு ஓடுபாதை ஓரத்தில் நின்றார். சிறிதரன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். நாகேஸ்வரி மடக்குக் கதிரையில் இருந்தாள். கையில் மணிக்கூடு.

எஞ்சின் சத்தம் கூடியது. விமானம் ஓடியது. பாதியில் ஒருமுறை தயங்குவதுபோல் தெரிந்தது. அது எஞ்சினோ, ஆளோ தெரியாது. பிறகு சில்லுக்கும் நிலத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் பெருத்தது.

"மேலை வந்திட்டுது" என்றான் சிறிதரன். ஃபோனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பி வைத்திருந்ததை அவன் பிறகுதான் கண்டான். அருந்தவனின் முதல் பறப்பு என்று இன்றைக்கும் அவர்களிடம் இருப்பது சிறிதரனின் மூக்குத் துவாரம் இரண்டும், பின்னணியில் ஒரு இரைச்சலும்.

இரண்டு சுற்றுச் சுற்றினார். பன்னிரண்டு நிமிடம். இறங்கும்போது ஒரு துள்ளல், பிறகு ஒரு சின்னத் துள்ளல், பிறகு நிலம். கொட்டகைக்கு முன்னால் வந்து எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. போய்க் கதவைத் திறந்தார்கள். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

"எத்தினை அடி போனியள், அத்தான்?"

"தெரியாது."

"வேகம்?"

"இறங்கேக்கை மட்டும் பாத்தனான்."

"அப்ப அந்த மூண்டு ரீவியும்?"

அருந்தவன் திரைகளைப் பார்த்தார். மூன்றும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. உயரம், எண்ணெய், சூடு, தூரம், காற்று. அவற்றை அவர் இப்போதுதான் கவனிப்பதுபோல் இருந்தது. "வெளியிலை பாத்துக்கொண்டு இருந்தன், சிறி. எல்லாம் வெளியிலை இருந்துது."

பேரி கைகொடுத்தார். சிறிதரன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

நாகேஸ்வரி மறுபக்கம் சுற்றிப் போய், கேட்காமல், வெறும் இருக்கையில் ஏறி இருந்தாள். கைப்பையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். வைக்க இடமில்லை. மடியில் வைத்தாள். பிள்ளையாரை எட்டி அமத்திப் பார்த்தாள். உறுதியாக இருந்தார்.

"இன்னும் இருபத்து நாலு மணித்தியாலம் நாப்பத்தெட்டு நிமிசம்" என்றாள்.

"என்ன?"

"நான் ஏறலாம் எண்டு சட்டம் சொல்ல. அதுக்கிடையிலை இந்தப் பக்கத்து ரீவியைக் கொஞ்சம் மேலை தூக்குங்கோ. முழங்கால் இடிக்குது."

அருந்தவன் அந்தத் திரையைப் பார்த்தார். நாலு திருகாணி. தாங்கியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். அதற்கு மேல் பட்டியை வெட்ட வேண்டும். பிறகு நடுத் திரை தாழ்வாகத் தெரியும்.

"பனலிலை இனி ஒருத்தரும் கை வைக்கேலாது" என்றார். "நீர் முழங்காலை மடக்கும்."